ஆற்றங்கரை நடைபாதை: பேவர் பிளாக் போடலாமா, மண்பாதையாகவே வைத்துக்கொள்ளலாமா?

கரைநடை எழுதியது:

காவிரி டெல்டாவில் வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிறிய பேரூராட்சி எங்களுடையது. பழைய படித்துறையிலிருந்து, தண்ணீரைத் திருப்பிவிடும் ரெகுலேட்டர் வரை ஆற்றின் தென்கரையிலும், அங்கிருந்து வடிகால் ஓரமாக மேல்நிலைப் பள்ளி வரையிலும் ஒரு நடைபாதையை ஊர்க்காரர்களே வெட்டிப் பராமரித்து வருகிறோம். பதிவு செய்த சங்கம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு யார் வருகிறார்களோ அவர்கள்தான் குழு. காட்டுக்கருவையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருந்த கரையில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

வெளிநாட்டில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், படித்துறை தொடங்கி முதல் ஒரு கிலோமீட்டருக்குப் பேவர் பிளாக் பதித்து, விளக்குக் கம்பங்களும் சிமெண்ட் பெஞ்சுகளும் அமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊர்மேல் உள்ள பாசத்தால் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழுவில் பாதிப் பேர் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மண்பாதையில் பள்ளம் விழுந்தால் ஓர் அன்னக்கூடை மண்ணும் அதை இடித்துக் கெட்டிப்படுத்த ஒரு திமிசுக்கட்டையும் போதும்; யாரையும் கேட்காமல் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். பிளாக் பெயர்ந்தால் ஒப்பந்ததாரரைத் தேட வேண்டும், நிதி கேட்க வேண்டும். நாலு மழைக்காலம் கடந்தால் அது யாருடைய பாதையும் இல்லாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

டெல்டாவில் கரைப்பாதை, குளக்கரைப் பாதை என்று பராமரிப்பவர்கள் உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.

ஆடுதுறையான் எழுதியது:

நான் ஒப்புக்கொள்ளச் சொல்லும் கட்சி. எங்கள் பக்கக் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். என் அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரை நோய். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அடைமழைக் காலத்தில் அவர் எங்கே நடப்பது? பஸ்ஸும் மணல் லாரியும் போகிற சாலையின் ஓரத்திலா? எங்கள் குளக்கரையைச் சுற்றிப் பேவர் பிளாக் போட்ட பிறகுதான் அவரைப் போன்ற பெரியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். இளைஞர்களும் கை கால் நன்றாக இருப்பவர்களும் மண்ணில் நடந்துவிடுவீர்கள். முட்டி வலிக்காரர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கிற ஒரு நல்ல காரியத்தைத் தள்ளிவிடாதீர்கள், தம்பி.

நீரொழுங்கி எழுதியது:

பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். குளக்கரையும் ஆற்றங்கரையும் ஒன்றல்ல. ஆடுதுறையான் சொல்லும் குளக்கரையில் தண்ணீர் ஓடுவதில்லை. வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு எல்லாம் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை எப்போது நிரம்பி ஓடும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாத ஆறுகள். கரை என்பது மண்ணால் ஆன அணை. அது ஒவ்வோர் ஆண்டும் சற்று அமுங்கும், கோடையில் வெடிக்கும், மழையில் மறுபடி ஊறும்.

அதன் தலையில் பிளாக் பதிப்பதில் எனக்குள்ள பெரிய அச்சம் பிளாக் உடைவது அல்ல. கரை உடைவதற்கு முன்பு அடையாளம் காட்டும். எலி வளை, நண்டு வளை, நீளவாக்கில் ஒரு வெடிப்பு, வயல் பக்க வெளிச்சரிவின் அடியில் ஈரக்கசிவு. இவையெல்லாம் மண்மேல் நடப்பவன் கண்ணுக்குத் தெரியும். கல்லுக்கு அடியில் தெரியாது. பிளாக்குகளின் இடுக்கு வழியே இறங்கும் மழைநீர் அடியில் உள்ள மணலை அரித்துப் பொந்தாக்கிவிடும். மேலே பார்த்தால் பாதை ஒழுங்காக இருக்கும். அந்த நிலையில் வெள்ளம் வந்தால் மணல்மூட்டை அடுக்க இடம் தேடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஓரக் கல் பதிக்கக் கரையின் தலையில் பள்ளம் பறிப்பதையும் துறை சாதாரணமாக அனுமதிக்காது. முறைப்படி விண்ணப்பித்துக் கேட்டுப் பாருங்கள்.

மண்பாதையைச் சேறு இல்லாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பாதையைத் தட்டையாக வெட்டாதீர்கள். வயல் பக்கமாக இலேசான சரிவு கொடுங்கள். ஆற்றுப் பக்கம் சாய்த்தால் மழைநீர் உட்சரிவை ஓடை ஓடையாகப் பறித்துவிடும். தண்ணீர் வழக்கமாகத் தேங்கும் இடத்தில் செங்கல் சூளை உடைசலைக் கொட்டி, மேலே கிராவல் பரப்பி, திமிசு போடுங்கள். ஆற்று மணலைத் தொடாதீர்கள். அது குற்றம், ஆற்றுக்கும் கேடு. உட்சரிவில் புல் மட்டும்தான் வேண்டும். அருகு போதும், அரிக்கும் இடத்தில் வெட்டிவேர். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் இறங்கி மண்ணைப் பிடிக்கும். மரம் வைக்க ஆசைப்பட்டால் வெளிச்சரிவின் அடிக்குக் கீழே வையுங்கள். கரையின் தலையில் மரம் வைத்தால் அது பட்டுப்போன பிறகு வேர் மக்கி, அந்த ஓட்டை வழியே தண்ணீர் பாதை கண்டுவிடும்.

பாமணிக்கரை எழுதியது:

கரைநடை அண்ணா, உங்களுக்குப் பேவர் பிளாக் பிரச்சினை. எங்களுக்குப் பொக்லைன் பிரச்சினை. மேட்டூர் திறப்பதற்கு முன்பு சித்திரை, வைகாசியில் தூர்வாரும் வேலை நடக்கும் அல்லவா? வாய்க்காலிலிருந்து அள்ளிய சேற்றையும் ஆகாயத்தாமரையையும் அப்படியே கரைமேல் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் மாசியிலிருந்து வெட்டிச் சமன்படுத்திய பாதை ஆள் உயர மண்மேட்டுக்குக் கீழே போய்விட்டது. அந்த மேட்டின் மீது அந்த மழைக்காலத்திலேயே காட்டுக்கருவை முளைத்து மண்டிவிட்டது. கூட வேலை செய்த பையன்கள் மனம் விட்டுப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் செய்தது இதுதான். வேலை தொடங்கும் முன்பே வாய்க்காலையும் மதகையும் கவனிக்கும் துறை ஊழியரான எங்கள் பகுதி லஸ்கரைப் பார்த்தோம். அவர் மூலமாக உதவிப் பொறியாளரிடம் மனுக் கொடுத்தோம். மண்ணை வெளிச்சரிவில் தள்ளிப் பரப்பினால் கரை அகலமாகும், பாதையும் பிழைக்கும் என்று படம் வரைந்து காட்டினோம். பொக்லைன் ஓட்ட வந்தவருக்கு இரண்டு வேளையும் சாப்பாடு எங்கள் வீடுகளிலிருந்து போனது. ஆள் ஒருவர் கூடவே நின்றார். அந்த ஆண்டு பாதை தப்பியது. முந்தைய ஆண்டு வந்தவரும் கெட்ட எண்ணத்தில் கொட்டவில்லை. அங்கே பாதை இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

கரைநடை எழுதியது:

நீரொழுங்கி ஐயாவுக்கு நன்றி. நான் உள்ளூர உணர்ந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டீர்கள். பாமணிக்கரைத் தம்பி எழுதியதையும் எங்கள் குழுவில் படித்துக் காட்டப்போகிறேன்.

வேலை செய்யும் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். எங்கள் வேலைக்கு ஆற்றின் நாட்காட்டிதான் நாட்காட்டி. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது மரபு. இடைப்பட்ட காலம் எங்களுடையது என்று தோன்றும். ஆனால் மண் வேலைக்கு உகந்தது மாசியும் பங்குனியின் முற்பாதியும்தான். அப்போது களிமண்ணில் ஈரம் இருக்கும், மண்வெட்டி இறங்கும், திமிசு போட்டால் கெட்டிப்படும். சித்திரைக்குப் பிறகு அதே மண் கடப்பாரைக்கும் மசியாது. கத்திரி வெயிலில் நாங்கள் மண்ணைத் தொடுவதே இல்லை. குப்பை பொறுக்குவது, கிளை கழிப்பது மட்டும்தான்.

திறப்புத் தேதியையும் நம்ப முடிவதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாட்கள்தான் ஆகும். உட்சரிவில் நட்டிருந்த வெட்டிவேர் பிடிப்பதற்குள் ஆறு வந்துவிட்டது. 2024-இல் நேர்மாறு, ஜூலை 28 வரை அணை திறக்கவில்லை. நட்ட நாற்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். அதனால் இப்போதெல்லாம் தை கடைசியிலேயே வெட்டிவேர் நட்டுவிடுகிறோம். மண்ணில் இருக்கும் ஈரமே அதைக் காப்பாற்றுகிறது.

காட்டுக்கருவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையோடு வெட்டிவிட்டு வந்தால் அடுத்த ஆண்டு ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். அடித்தூரைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். எடுத்த குழியை அன்றைக்கே மண் போட்டு இடித்து மூட வேண்டும். திறந்த குழியைக் கரையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது ஊருக்குச் செய்யும் துரோகம்.

செங்கால்நாரை எழுதியது:

ஒரு வேண்டுகோள். கரையில் உள்ள எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடாதீர்கள். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் கரையைக் குடைந்துதான் கூடு வைக்கின்றன. பஞ்சுருட்டான் முட்டையிடுவது நீங்கள் வேலை செய்யும் அதே கோடைக் காலத்தில். கரை செங்குத்தாக அறுபட்டு நிற்கும் இடத்தில், உருண்டையாக, வரிசையாகச் சில ஓட்டைகள் தெரிந்தால் சிறிது தூரம் தள்ளி நின்று பாருங்கள். பச்சைக் குருவி பூச்சியோடு உள்ளே போகும். அதை அடைத்தால் உள்ளே குஞ்சுகளுக்குச் சமாதி.

மூங்கில் குத்துகளையும் மொட்டையடிக்காதீர்கள். வடுவூர் ஏரி 2022-இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ஏரிக்கு வரும் பறவைகள் ஏரியிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றியுள்ள வயல், வாய்க்கால், கரைமரம் எல்லாம் அவற்றுக்கு வேண்டும். பாதையின் இரு பக்கமும் சுத்தம் என்ற பெயரில் வழித்தெடுத்துவிட்டால் நடப்பவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்?

நீரொழுங்கி எழுதியது:

சரியான பேச்சு. எலி வளையின் வாயில் தோண்டிய மண் குவியலாகக் கிடக்கும், அறுவடை சமயத்தில் நெற்கதிர் சிதறியிருக்கும். நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், வாயைச் சுற்றி ஈரமண் உருண்டைகள் இருக்கும். இவை இரண்டும்தான் கரைக்கு ஆபத்து. எலிக்கு மருந்து வைக்காதீர்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியை வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்து அழையுங்கள். குருவிக் கூட்டை ஆவணி வரை விட்டுவைப்பதால் எந்தக் கரையும் உடைந்துவிடாது. ஆனால் அது எந்த இடம் என்று குறித்து வைத்து, பறவை போன பிறகு, மழைக்கு முன் மூடிவிடுங்கள்.

நடவுக்காரி மகள் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கரை, மண், பறவை எல்லாம் பேசிவிட்டீர்கள். அந்தக் கரையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். விடியும் முன் புறப்பட்டு, வெறுங்காலோடு, அந்தக் கருவைப் புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில்தான் போவார்கள். குடித்துவிட்டு உடைத்த பாட்டில் காலில் ஏறிப் புரையோடி, ஒரு தாளடிப் பருவம் முழுவதும் கூலி இல்லாமல் படுத்திருந்தார். புதர் மறைவில் எவனாவது உட்கார்ந்திருப்பான் என்ற பயத்தால் நாலு பேர் சேர்ந்துதான் போவார்கள். சம்பா நடவு சமயத்தில் கண்ணாடி விரியன் கடித்தால் சாலை வரைக்கும் ஆளைத் தூக்கி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் 108. நடைபயிற்சிக்கு என்று வருகிறவர்களுக்கு முன்பே, வயிற்றுக்காக நடந்தவர்கள் இவர்கள். பாதை யாருக்கு என்று கேட்டால் முதல் பெயர் இவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. வடிகாலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நட்ட வயலில் இறங்கினால் பட்டாதாரர் சண்டைக்கு வருவார். கரைநடை அண்ணா, உங்கள் பாதை வடிகால் ஓரமாகப் பள்ளி வரை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வடிகாலுக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்? அவர்கள் இந்தப் பாதைக்கு எப்படி வந்து சேர்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பிளாக்குக்குச் செலவழிக்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இந்தக் கேள்விகளில்தான் பதில் இருக்கிறது.

ஆடுதுறையான் எழுதியது:

சகோதரி, உங்கள் அம்மாவின் கதை மனதை வருத்துகிறது. ஆனால் சுடுகாட்டுப் பாதை அரசாங்கம் செய்து தர வேண்டியது. தன்னார்வலர்கள் ஒரு நடைபாதை போடும்போது ஊரின் எல்லாப் பிரச்சினைகளையும் அதன் தலையில் ஏற்றினால் அந்தச் சிறிய காரியமும் நின்றுவிடும் என்பது என் கவலை.

நடவுக்காரி மகள் எழுதியது:

அரசாங்கம் செய்ய வேண்டியதுதான், ஐயா. மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் அம்மா மழையில் வழுக்காமல் நடக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எவ்வளவு நியாயமோ, என் தெருக்காரர்கள் தண்ணீரில் இறங்காமல் பிணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் நினைப்பதும் அவ்வளவு நியாயம். பாதை என்ற ஒன்றைப் பற்றிப் பேசும்போது இதைத் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கி வைக்க என்னால் முடியாது. காரியம் நின்றுவிடும் என்கிறீர்கள். எங்கள் தெருவில் தினமும் அந்த வழியே நடக்கிற அறுபது, எழுபது பெண்கள் இருக்கிறார்கள். பாதை தங்களுடையது என்று அவர்கள் நினைத்தால் கருவை முளைக்கவே இடம் இருக்காது.

பாமணிக்கரை எழுதியது:

அக்கா சொல்வது எங்கள் ஊரில் கண்கூடு. எங்கள் பாதையில் மக்கள் தினமும் வேலைக்குப் போகிற பகுதியில் புல்கூட முளைப்பதில்லை. காலை நடைக்காரர்கள் மட்டும் வருகிற பகுதியை வருடத்துக்கு இரண்டு முறை வெட்ட வேண்டியிருக்கிறது.

வேல்ஸ்வாசி எழுதியது:

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, இப்போது வேல்ஸில் இருக்கிறேன். இங்கே ஊருக்கு ஊர் வயல் நடுவே பொதுப்பாதைகள் உண்டு. நிலம் தனியாருடையதுதான், ஆனால் அதில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் ஒவ்வொரு பாதையையும் அதிகாரபூர்வ வரைபடத்தில் குறித்து வைத்தன. வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே சாட்சி. விவசாயி வயலை உழலாம். ஆனால் வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை உழுத 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி நடக்கும்படி செய்து தர வேண்டும். நான் சேர்ந்திருக்கும் தன்னார்வக் குழுவில் வேலிப் படிக்கட்டு பழுது பார்ப்பது, முள்செடி வெட்டுவது ஆகியவற்றோடு, ஒவ்வொரு பாதையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று உள்ளாட்சிக்கு எழுதி அனுப்புவதும் வேலை. நம் ஊரில் அந்த வரைபட வேலையை யாராவது செய்திருக்கிறார்களா?

புலப்படம் எழுதியது:

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வேல்ஸ்வாசி கேட்ட வரைபடம் நம்மிடமும் இருக்கிறது, எடுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதன் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம் உண்டு. கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த நிலம் ஆற்றுப் புறம்போக்கா, வாய்க்காலா, வண்டிப்பாதையா, பட்டாவா என்று எழுதியிருக்கும். இரண்டையும் இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பல ஊர்களில் வண்டிப்பாதை என்று பதிவேட்டில் இருப்பது தரையில் வரப்பாகச் சுருங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாலாக உழுது உழுது எடுத்துக்கொண்டிருப்பார்கள். அளவைக்கு மனுப் போட்டு, சர்வேயர் கல் காட்டினால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

பதிவேட்டில் பாதை இல்லை, ஆனால் காலங்காலமாகப் பட்டா நிலத்தின் வழியே நடக்கிறோம் என்றால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு, வெளிப்படையாகப் பயன்படுத்தி வந்திருந்தால் வழியுரிமை கோரலாம். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதால் அது கடைசி வழி. முதலில் பட்டாதாரரோடு உட்கார்ந்து பேசுங்கள். வரப்பை இரண்டடி அகலமாக்கித் தருவதற்கு, அவருடைய மடையை நாங்கள் கட்டித் தருகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிய ஊர்களை எனக்குத் தெரியும்.

நடவுக்காரி மகளுக்கு: உங்கள் ஊர்ச் சுடுகாடு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அதற்குப் போகும் வழி எந்தெந்த எண்களைத் தொடுகிறது என்று ஒரு தாளில் வரைந்து மனுவோடு இணையுங்கள். எண் இல்லாத மனு மேசையிலிருந்து நகராது.

ஏழூர்ப் பல்லக்கு எழுதியது:

திருவையாற்றுக்காரன். நம் மண்ணுக்கு நடைபாதை புதிதல்ல என்று சொல்லத்தான் வந்தேன். சித்திரையில் ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று சுற்றி வருகிறது. காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து, ஆற்று மணலிலும் வரப்பிலும் மக்கள் கூடவே நடக்கிறார்கள். பல்லக்கு வரும் என்பதற்காகவே ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் இருக்கும் வழியைச் செதுக்கி, முள் பொறுக்கி வைக்கும். ஓர் ஊர் முழுப் பாதையையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லையிலிருந்து எல்லைவரை அவரவர் பங்கு. உங்கள் பாதையையும் தெருவுக்கு இவ்வளவு தூரம் என்று பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை போனவர்களும் இந்த டெல்டாவைத்தான் நடந்து கடந்தார்கள். ஏப்ரல் 13-இல் புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28-இல் போய்ச் சேர்ந்தார்கள். உணவு கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் மிரட்டிய பிறகும் வழியெங்கும் மக்கள் மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டி வைத்தார்கள். அந்த வழியை ஊர் ஊராகச் சேர்த்து நடக்கத் தக்க பாதையாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தந்த ஊர்க்காரர்கள் இந்த இழையில் இருந்தால் எழுதுங்கள். தனி இழை தொடங்கலாம்.

கரைநடை எழுதியது:

எல்லோருடைய பதிவையும் தாளில் எடுத்துக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் உட்கார்ந்து பேசினோம். நடவுக்காரி மகள் கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில். வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து பாதைக்கு வர இரண்டு தென்னை மரங்களைப் போட்ட பாலம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் அவை. இப்போது உளுத்துப்போய் ஒன்றில்தான் நடக்க முடிகிறது. அவர்களுடைய சுடுகாடு வடிகாலுக்கு இந்தப் பக்கம், எங்கள் பாதையின் வளைவுக்கு அருகில்தான். வேலைக்கு இதுவரை அங்கிருந்து சில இளைஞர்கள் மட்டும் வந்தார்கள்.

அந்தத் தெருப் பெரியவர்களைக் குழுவினர் நேரில் போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு சிறுபாலம் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. நன்கொடை தருகிறவரிடமும் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினேன். கரையில் பிளாக் ஏன் கூடாது என்று நீரொழுங்கி ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பாலத்துக்கு மதிப்பீடு அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டார் என்று இப்போதே சொல்ல மாட்டேன், கேட்கிறார், அவ்வளவுதான்.

ஆடுதுறையானுக்கு: பெரியவர்களை விட்டுவிடவில்லை. படித்துறையிலிருந்து கோயில் வாசல் வரை உள்ள துண்டு ஆற்றின் கரை அல்ல, பேரூராட்சித் தெரு. அங்கே பிளாக்கும் விளக்கும் பெஞ்சும் போடப் பேரூராட்சியிடம் கேட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் உங்கள் அம்மா வயதினர் அங்கே வசதியாகப் போய்வரலாம். கரையில் மண்பாதைதான், வயல் பக்கச் சரிவோடு. பஞ்சுருட்டான் கூடு உள்ள இடத்தில் நாலு மூங்கில் குச்சி நட்டுக் கயிறு கட்டியாகிவிட்டது. பாதையைத் தெருவாரியாகப் பிரிக்கும் யோசனையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வடிகால் வளைவிலிருந்து பள்ளி வரை அந்தத் தெருக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புல எண்களை எடுத்துவிட்டோம். வடிகால் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி மனுவையும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆடுதுறையான் எழுதியது:

இது எனக்குச் சம்மதம். பாலத்துக்கு என் பங்காகச் சிமெண்ட் மூட்டைகள் தருகிறேன். எத்தனை என்று மதிப்பீடு வந்ததும் சொல்லுங்கள்.

நடவுக்காரி மகள் எழுதியது:

நன்றி, ஐயா. நன்றி, அண்ணா. மதிப்பீடு போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பாலம் ஆறு அடிக்குக் குறையக் கூடாது. பாடையைத் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும், பறையடிப்பவர்களும் முன்னால் போக வேண்டும். மூன்றடியில் கட்டிவிட்டு, சாவு விழுந்த அன்று மறுபடி தண்ணீரில் இறங்கும்படி ஆகிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் படி வேண்டாம், சாய்தளம் வையுங்கள். தலையில் நாற்றுக்கட்டோடு வருகிற பெண்களுக்குப் படி ஆபத்து.

நீரொழுங்கி எழுதியது:

ஆறு அடி என்றே வைத்துக்கொள்வோம், ஓரச்சுவர் நீங்கலாக. குழாய் பதிக்கலாம், செலவு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆகாயத்தாமரை வந்து குழாயை அடைத்துக்கொண்டால் மேலே உள்ள சம்பா வயல் முழுவதும் மூழ்கும், பழி பாலத்தின் மேல் விழும். வடிகாலின் அடி அகலத்தைக் குறுக்காமல் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் பலகம் போட வேண்டும். பலகத்தின் அடிமட்டம் வெள்ளக் குறிக்கு மேலே இருக்க வேண்டும். கஜாவின்போதும் அதற்குப் பிந்தைய மழைகளிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தத் தெருவில் வயதானவர்களைக் கேட்டுச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். வரும் சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வருகிறேன். வடிகாலுக்குள் இறங்கி மட்டம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.